சூடா மக்கான்?

பத்து நாளா ஒண்ணுமே எழுதலையே, உடம்புக்கு முடியலையான்னு ரெண்டு மூணு பேர் போன் பண்ணிக் கேட்டீங்க. உடம்பு நல்லாத்தான் இருக்கு. சொன்னா சிரிக்கக் கூடாது. நானும் வீட்டுக்காரம்மாவும் கப்பல்ல போயிட்டு வந்தோம்.

தை கடைசியில சம்பா அறுவடை முடிஞ்சு, நெல்லு கொள்முதல் நிலையத்துக்குப் போயிடுச்சு. வயல்ல உளுந்து நாலு இலை விட்டு நிக்குது. எங்க பக்கம் ஒரு விவசாயிக்குக் கொஞ்சம் கை ஓயற நேரம்னா அது மாசி மாசம்தான். அதைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, சிங்கப்பூர்ல இருக்கிற மகன் டிக்கெட் போட்டுட்டான். "ஒரு வாரம் எங்களோட இருங்க, அப்புறம் அஞ்சு ராத்திரி கப்பல். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா இருந்தா போதும்"னு சொன்னான். சும்மா இருக்கிறதுதான் நமக்குத் தெரியாத வேலைன்னு அவனுக்கு யார் சொல்றது?

மாட்டைத் தம்பி பார்த்துக்கறேன்னான். லெட்சுமி கன்னு போட்டு ரெண்டு மாசம். அவன் கைக்குப் பால் விடுவாளாங்கற கவலையோடதான் விமானம் ஏறினேன்.

கப்பலைப் பத்தி நிறைய எழுதப் போறதில்லை. எங்க ஊர்ல இருக்கிற அத்தனை ஜனத்தையும் ஏத்தினாலும் பாதிக்கு மேல இடம் காலியா இருக்கும், அவ்வளவு பெரிசு. எந்நேரமும் சாப்பாடு. வீட்டுக்காரம்மா முதல் நாள், தான் சாப்பிட்ட தட்டைக் கழுவ இடம் தேடினா. சிங்கப்பூர், அப்புறம் ஒரு நாள் கடல், மூணாம் நாள் புக்கெட், நாலாம் நாள் பினாங்கு. மகன் வரிசையாச் சொன்னப்ப, பினாங்குங்கற பேர்ல மட்டும் என் காது நின்னுடுச்சு.

ஏன்னா எங்க வயல்ல ஒரு துண்டுக்குப் பேரே 'பினாங்கு மூணு மா'. எங்க பக்கம் மூணு மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். வாய்க்கால் ஓரமா, கொஞ்சம் மேட்டுப்பாங்கான நிலம். என் தாத்தா பினாங்குக்குப் போய்ச் சம்பாதிச்சு வாங்கினது. அதுக்கு முன்னாடி எங்களுக்குச் சொந்தமா ஒரு குழி நிலம் கிடையாது, குத்தகைச் சாகுபடிதான். மத்த வயலெல்லாம் அப்பா காலத்துலயும் என் காலத்துலயும் சேர்ந்தது. முதல் நிலம் அதுதான்.

அந்த மூணு மாவைத்தான் இப்ப ஒருத்தர் மனை போடக் கேக்கிறார். பக்கத்துல சாலை அகலமாயிடுச்சு. நல்ல விலை சொல்றார். கப்பல்ல ரெண்டாம் நாள் ராத்திரி மேல்தளத்துல காத்து வாங்கிக்கிட்டு நிக்கறப்ப மகன் மெதுவா ஆரம்பிச்சான். "அப்பா, நம்மது கடைமடை. தண்ணி வந்தாலும் ஒரு போகம்தான். அந்த ஒரு ஏக்கர்ல செலவு போக வருஷத்துக்கு என்னப்பா நிக்குது? அதை வித்தா உங்களுக்கும் அம்மாவுக்கும் கடைசி வரைக்கும் கவலை இருக்காது." அவன் சொன்னதுல தப்பு இல்லை. கணக்குப் போட்டா அவன் சொல்றதுதான் சரியா வரும். "ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம்யா"ன்னு சொல்லிட்டேன். அதோட அன்னைக்குத் தூக்கம் போச்சு.

நாலாம் நாள் காலையில எட்டு மணிக்குக் கப்பல் பினாங்குல நின்னுடுச்சு. ஸ்வெட்டன்ஹாம் துறைமேடைன்னு பேரு. ஊருக்கு வெளியே எங்கேயோ இல்லை, ஜார்ஜ் டவுன் நகரத்தோட வாசல்லயே இருக்கு. இறங்கி நடந்தா ஊர். நம்மளவிட அங்க நேரம் ரெண்டரை மணி முன்னாடி. அப்ப நம்ம ஊர்ல அஞ்சரை. பால் கறக்கற நேரம். இறங்கினதும் தம்பிக்குப் போன் போட்டேன். "அண்ணே, ஒன்றரை லிட்டர் குறையுது. உன்னையத் தேடுறா போலருக்கு. நீ பேசாம ஊர் சுத்து"ன்னான்.

மருமக ஒரு வண்டி பேசி மலை, பாம்புக் கோயில்னு எல்லாம் பார்க்கலாம்னு சொல்லிச்சு. நான்தான் வேண்டாம்னேன். "நடக்கற தூரத்துல என்ன இருக்கோ அதைப் பாப்போம்மா. எங்கேயும் ஓட வேண்டாம்." சாயங்காலம் நாலரைக்குள்ள கப்பலுக்குத் திரும்பணும். அதுவரைக்கும் எங்களுக்குச் செய்யறதுக்கு ஒரு வேலையும் இல்லை.

துறைமேடையிலேர்ந்து அஞ்சு நிமிஷத்துல ஒரு வெள்ளை மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணி 60 வருஷம் ஆண்டதுக்காக, வருஷத்துக்கு ஒரு அடின்னு 60 அடி உயரத்துல ஒரு சீனச் செல்வந்தர் கட்டிக் கொடுத்தது. லேசாச் சாஞ்சிருக்கு. யுத்தத்துல குண்டு விழுந்த அதிர்ச்சியில சாஞ்சதாச் சொல்றாங்க. எதிர்ல கார்ன்வாலிஸ் கோட்டை. 1786-ல பிரான்சிஸ் லைட்ங்கற வெள்ளைக்காரர் கும்பெனிக்காக வந்து இறங்கின இடம். அப்ப இந்த முனை பூராவும் காடு. ஆளுங்க காட்டை வெட்ட மசங்கினாங்களாம். பீரங்கியில வெள்ளிக் காசைப் போட்டுக் காட்டுக்குள்ள சுட்டாராம். காசைப் பொறுக்கறதுக்காக எல்லாரும் விழுந்து விழுந்து வெட்டினாங்கன்னு ஒரு கதை. நிஜமோ பொய்யோ, நடவுக்கு ஆள் கிடைக்காம அல்லாடற எனக்கு இந்த யோசனை பிடிச்சிருந்துச்சு. பீரங்கிக்குத்தான் எங்க போறது?

கோட்டைக்குப் பக்கத்துல கடலை ஒட்டி ஒரு பெரிய புல்வெளி. கடலுக்கு ஒரு கைப்பிடிச் சுவர். ஒரு மர நிழல்ல உட்கார்ந்தோம். பேத்தி புல்லுல ஓடினா. மகனும் மருமகளும் போட்டோ எடுக்கப் போயிட்டாங்க. நானும் வீட்டுக்காரம்மாவும் மட்டும்தான். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் அவ சொன்னா: "ஏங்க, நாலு நாளா யாருமே என்கிட்ட சோறு கேக்கலைங்க."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. எங்களுக்குக் கல்யாணமாகி 34 வருஷம். நான் சும்மா இருந்ததில்லைன்னு நானாவது ஊரெல்லாம் சொல்லிக்கறேன், இந்தப் பக்கத்துலயும் எழுதிக்கறேன். அவ அதையும் சொல்லிக்கிட்டதில்லை. நான் பதில் ஒண்ணும் சொல்லாம உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் இருக்கும். இவ்வளவு நேரம் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு இடத்துல சும்மா உட்கார்ந்தது எனக்கு நினைவு தெரிஞ்சு இல்லை.

அங்கிருந்து தெருக்குள்ள நடந்தா லிட்டில் இந்தியா. மார்க்கெட் தெரு, பினாங்குத் தெரு, குயின் தெருன்னு நாலஞ்சு தெரு. மல்லிகைப் பூவும் சாம்பிராணியும் மணக்குது. பாத்திரக் கடை, புடவைக் கடை, பாட்டுச் சத்தம். கும்பகோணத்துப் பெரிய கடைத்தெருவுல நிக்கற மாதிரியே இருந்துச்சு. ஆனா குப்பை கம்மி. குயின் தெருவுல மகாமாரியம்மன் கோயில். 1833-ல கட்டினது. பினாங்குல இருக்கிற பழைய இந்துக் கோயில் இதுதான்னு அய்யர் சொன்னார். சின்னக் கோயில்தான். உள்ளே போனதும் வீட்டுக்காரம்மா கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்னா.

நான் வேற ஒண்ணை நினைச்சுக்கிட்டு நின்னேன். தாத்தா இங்க வந்திருப்பார். மாரியம்மன் கோயில்னு ஒண்ணு இருக்கறப்ப, எங்க ஊர் ஆளு ஒருத்தர் பத்துப் பன்னிரண்டு வருஷம் இந்த ஊர்ல இருந்துக்கிட்டு வராம இருந்திருக்க முடியாது. இந்தக் கல்லுல அவர் கால் பட்டிருக்கும்.

தாத்தா போனது ரஜூலா கப்பல்லன்னு அப்பாயி சொல்லும். ரஜூலா 1926-லேர்ந்து ஓடின கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, அப்புறம் சிங்கப்பூர் வரைக்கும் போகும். நாகப்பட்டினத்துல கப்பல் கரைக்கு வராது. ஆழம் பத்தாதுன்னு வெளியே கடல்ல நிக்கும். படகுல கொண்டுபோய் ஏத்துவாங்க. ஏழை பாழைக்கெல்லாம் அறை கிடையாது, மேல்தளத்துல பாயை விரிச்சுக்கிட்டுப் படுக்க வேண்டியதுதான். மழை அடிச்சா நனையணும். பக்கத்துல படுத்தவங்க வாந்தியெடுத்தாத் தள்ளிப் படுக்கக்கூட இடம் இருக்காதாம். இறங்கினது இதே கரையில. நான் வந்த கப்பல்ல ராத்திரி தலையணைமேல ஒரு மிட்டாய் வெச்சுட்டுப் போனாங்க.

தாத்தா இந்தத் துறைமுகத்துல மூட்டை தூக்கினார். யுத்தத்துக்கு முன்னாடியே திரும்பிட்டார். 1941 டிசம்பர்ல இந்த ஊர்மேல ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப அவர் எங்க ஊர்ல புது வயலுக்கு வரப்பு வெட்டிக்கிட்டு இருந்தாராம். வலது தோள்ல கெட்டியா ஒரு காய்ப்பு இருக்கும். சின்ன வயசுல நாங்க அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போம், ஒண்ணும் சொல்ல மாட்டார். பினாங்கைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டார். நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை.

ஒரே ஒரு விஷயம்தான். நாங்க பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் திண்ணையிலேர்ந்து கேப்பார்: "சூடா மக்கான்?"

மக்கான்னா சாப்பாடுன்னு எங்களுக்குத் தெரியும். சூடாங்கறது நமக்குத் தெரிஞ்ச தமிழ் வார்த்தை. சோறு சூடா இருக்கான்னு கேக்கிறார்னுதான் நினைச்சோம். நாங்க கத்துவோம், "சூடா இல்ல தாத்தா, பழசுதான்!" அவர் சிரிப்பார். தினமும் இது நடக்கும். நான் ஏழாவது படிக்கறப்ப அவர் காலமாயிட்டார்.

மத்தியானம் சாப்பிடப் போனோம். வழியில சூலியாத் தெரு. சூலியான்னா அந்தக் காலத்துல தமிழ் முஸ்லிம் வியாபாரிகளுக்குப் பேராம். அவங்கள்ல ஒருத்தரான காதர் மொகிதீன் 1801 வாக்குல கட்டின பள்ளிவாசல் அந்தப் பக்கத்துலதான் இருக்கு. அதே வரிசையில ஒரு மாதா கோயில் மாதிரி வெள்ளைத் தூண் வெச்ச பழைய சர்ச், ஒரு சீனக் கோயில். 2008-ல இந்தப் பழைய நகரத்தை யுனெஸ்கோ பாரம்பரிய இடமா அறிவிச்சிருக்கு.

நாங்க உட்கார்ந்தது ஒரு நாசி கந்தார் கடை. மகனும் பேத்தியும் கறிச்சோறு. எனக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் அன்னைக்கு வெள்ளிக்கிழமை, அதனால வெண்டைக்காயும் கோசும் மட்டும். கடைக்காரரோட தாத்தாவுக்குக் கடையநல்லூர். "வாங்கண்ணே, எந்த ஊரு?"ன்னார். நாகப்பட்டினம் பக்கம்னதும் முகம் மலர்ந்துடுச்சு. நாசின்னா சோறு. கந்தார்ங்கறது நம்ம காவடிதான். ஒரு கம்பு, ரெண்டு பக்கமும் கூடை, ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குழம்பு. அந்தக் காலத்துல இப்படித் தோள்ல தூக்கிக்கிட்டுத் துறைமுகத்துல மூட்டை தூக்கறவங்களுக்குக் கொண்டுபோய் வித்ததுதானாம். "உங்க தாத்தா எங்க ஆளுங்ககிட்டதான் வாங்கிச் சாப்பிட்டிருப்பாருண்ணே"ன்னார். மூட்டை தூக்கினவர் ஒரு தோள், சோறு தூக்கினவர் ஒரு தோள். ரெண்டும் நம்ம ஊர்த் தோள்.

கப்பல்ல வந்தவங்களை நேரா ஊருக்குள்ள விட மாட்டாங்கன்னும் அவர்தான் சொன்னார். ஜெரஜாக்னு பக்கத்துல ஒரு தீவு. நோய் நொடி இருக்கான்னு அங்க வெச்சுப் பார்த்துட்டுத்தான் அனுப்புவாங்களாம். தாத்தா இதையும் சொன்னதில்லை.

பேசிக்கிட்டே இருக்கறப்ப, பக்கத்துல ஏதோ கடை வெச்சிருக்கிற ஒரு சீனப் பாட்டி எங்க மேசையைத் தாண்டிப் போச்சு. போற போக்குல கடைக்காரரைப் பார்த்துக் கேட்டுச்சு:

"சூடா மக்கான்?"

அவர் திரும்பிப் பார்க்காமலே, "பெலும்!"ன்னார்.

கையில எடுத்த சோறு அப்படியே நின்னுடுச்சு. 45 வருஷத்துக்கு மேல ஆச்சு அந்தக் குரலைக் கேட்டு. "அந்தம்மா என்ன கேட்டாங்க?"ன்னேன். அவர் சாதாரணமாச் சொன்னார், "சாப்பிட்டாச்சான்னு கேக்குதுண்ணே. மலாய்ல சூடான்னா ஆச்சுன்னு அர்த்தம். பார்க்கறப்பல்லாம் கேப்போம், வணக்கம் சொல்ற மாதிரி. பெலும்னா இன்னும் இல்லை."

சோறு சூடா இருக்கான்னு அவர் ஒருநாளும் கேக்கலை. சாப்பிட்டாச்சான்னுதான் கேட்டிருக்கார். நாங்க தினமும் "பழசுதான் தாத்தா"ன்னு சம்பந்தமில்லாம பதில் சொல்லியிருக்கோம். அவர் திருத்தவே இல்லை. ஒருவேளை அந்தப் பதிலே அவருக்குப் போதுமா இருந்திருக்கும். பழசோ புதுசோ, பிள்ளைங்க சாப்பிட்டுச்சுன்னு தெரிஞ்சாப் போதும்னு நினைச்சிருப்பார்.

வீட்டுக்காரம்மா என் முகத்தைப் பார்த்துட்டு, "காரமா இருக்காங்க?"ன்னு தண்ணியை நகர்த்தி வெச்சா. ஆமான்னேன்.

சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு கடையில ஜாதிக்காய்ச் சாறு குடிச்சோம். இது உங்கள்ல தோட்டம் வெச்சிருக்கவங்களுக்காக எழுதறேன். நம்ம ஊர்ல பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு நடுவுல ஜாதிக்காய் போடறாங்க இல்லையா? கொட்டையையும் பத்திரியையும் எடுத்துக்கிட்டு வெளிச் சதையைப் பெரும்பாலும் தூரப் போட்டுடுவோம். இங்க அந்தச் சதைதான் வியாபாரமே. சாறு பிழியறாங்க, சர்க்கரைப் பாகுல ஊறப்போடறாங்க, காயவெச்சு வத்தலாப் பண்ணி விக்கறாங்க. புளிப்பும் துவர்ப்புமா, வெயிலுக்கு நல்லா இருந்துச்சு. வத்தல் ரெண்டு பொட்டலம் வாங்கினேன். தோட்டம் வெச்சிருக்கிற சிநேகிதர் ஒருத்தருக்குக் காட்டணும்.

கடைசியாப் போனது கடல்மேல இருக்கிற வீடுகளைப் பார்க்க. துறைமுகச் சாலையை ஒட்டி, கடலுக்குள்ள கம்பம் நட்டு, அதுமேல பலகை போட்டு வரிசையா மர வீடுங்க. சீனாவுல ஃபூஜியன் பக்கத்துலேர்ந்து கூலி வேலைக்கு வந்தவங்க ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு துறைன்னு கட்டிக்கிட்டது. நாங்க போனது சியூ குலத்தோட துறை. கீழே தண்ணி, மேல வாசல்ல பூந்தொட்டி, ஊதுபத்தி மாடம். நிலத்துல இல்லாததால நிலவரி கிடையாதுன்னு சொல்றாங்க. "பட்டா சிட்டா ஒண்ணும் இல்லாமயா இத்தனை தலைமுறையா இருக்காங்க?"ன்னு வீட்டுக்காரம்மா அதிசயப்பட்டா.

பலகைப் பாதை முடியற இடத்துல நானும் மகனும் உட்கார்ந்தோம். அங்கேர்ந்து பார்த்தா நாங்க வந்த கப்பல் தெரியுது. நான் அவன்கிட்ட தாத்தா கதையைச் சொன்னேன். தோள் காய்ப்பையும் சொன்னேன், சூடா மக்கானையும் சொன்னேன். இதுவரைக்கும் நான் அவனுக்கு இதெல்லாம் சொன்னதே இல்லைன்னு அப்பதான் உறைச்சுது. தாத்தா என்கிட்ட பேசலைன்னு குறைப்பட்டவன், நானும் அதையேதான் பண்ணியிருக்கேன். பினாங்கு மூணு மான்னு அவனுக்கு ஒரு பேர் மட்டும்தான் தெரியும். பேர் மட்டும் தெரிஞ்சவன் அதுக்கு விலை கேக்கறதுல என்ன குத்தம்?

கொஞ்ச நேரம் தண்ணியையே பார்த்துக்கிட்டு இருந்தான். அப்புறம் கேட்டான், "மூட்டை தூக்கின காசுலயா ஒரு ஏக்கர் வாங்க முடிஞ்சுது?"

"பன்னிரண்டு வருஷம் தூக்கின காசுலய்யா."

அதுக்கு மேல அவனும் கேக்கலை, நானும் சொல்லலை. நாலு மணிக்குக் கிளம்பி நடந்தோம். பேத்தி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, கப்பல் வாசல்ல நின்ன சிப்பாய் வரைக்கும் எதிர்ல வந்த எல்லார்கிட்டயும் "சூடா மக்கான்?"னு கேட்டுக்கிட்டே வந்தா. அவளுக்கு மக்கான் முன்னாடியே தெரியும், சிங்கப்பூர்ல எல்லாரும் சொல்றதுதான். சூடாவை நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

கப்பல் நகர்றப்ப மேல்தளத்துல நின்னு மணிக்கூண்டு மறையற வரைக்கும் பார்த்தேன். தாத்தா திரும்பி வந்தப்பவும் இந்தக் கரையை இப்படித் திரும்பிப் பார்த்திருப்பாரா, இல்லை ஊர் இருக்கிற பக்கமே பார்த்துக்கிட்டு நின்னிருப்பாரா, தெரியலை.

ஊருக்கு வந்து நாலு நாளாச்சு. லெட்சுமி முதல் நாள் என்னை முகர்ந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. இப்பப் பழைய அளவு கறக்கறா. பினாங்கு மூணு மாவுல உளுந்து பூ வைக்கப் போற பருவம். மூலையில கொஞ்சம் மஞ்சள் தேமல் தெரியுது, அந்தச் செடிங்களைப் பிடுங்கிப் போட்டேன்.

நேத்து ராத்திரி மகன் போன் பண்ணினான். லெட்சுமியைக் கேட்டான், உளுந்தைக் கேட்டான். கடைசியா, "அப்பா, அந்த மனைக்காரருக்கு ஏதாவது பதில் சொல்லியாச்சா?"ன்னான்.

"பெலும்"னேன்.

அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு.